கோலம், எழுத்து, யாப்பு: ஒரு மாணவியின் படைப்புத் துணிவு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் உரையாற்ற வேண்டும் என்று செயலாளர் என்னைப் பணித்தபோது, தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார். தமிழாசிரியன் ஆதலால் சங்கப் பாடல்களைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. 'என்னாலும் ஒன்றைப் படைக்க முடியும்' என்னும் துணிவு ஓர் இளம் உள்ளத்தில் எவ்வாறு பிறக்கிறது, எதனால் வளர்கிறது என்பதே அது. இதனை நான் ஒரு கவிஞரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்கப் போவதில்லை. கணிப்பொறியில் நிரல் எழுதியும் வடிவங்கள் அமைத்தும் பழகிய ஒரு பள்ளி மாணவியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

இலக்கிய வட்டத்தில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நியாயமான வினாவே. ஆயின், இன்னொரு வினாவை அதனருகே வைத்துப் பாருங்கள். இந்தப் பத்தாண்டுகளில் நம் மாதக் கூட்டங்களுக்கு எத்தனையோ இளைஞர்கள் வந்தார்கள். ஒரு கவிதை படித்தார்கள். நாம் கைதட்டினோம், அல்லது மெல்லச் சிரித்துவிட்டு அடுத்தவரை அழைத்தோம். அவர்களுள் பலர் இரண்டாம் முறை வரவில்லை. அவர்களிடம் சொல்வளம் இல்லாமற் போகவில்லை. உணர்ச்சியும் இல்லாமற் போகவில்லை. முதற்படைப்பிலிருந்து இரண்டாம் படைப்புக்குச் செல்லும் துணிவுதான் இல்லாமற் போயிற்று. அந்தத் துணிவை அவர்களுக்குத் தர நம்மால் இயன்றதா? இந்த வினாவுக்கு விடை தேடியே நான் அந்த மாணவியிடம் போகிறேன்.

அவள் என் வகுப்பில் மூன்றாண்டுகள் பயின்றவள். பெயர் வேண்டா. அவளுடைய ஒப்புதலைப் பெற்றே இச்செய்திகளைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் அவள் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அளவாக இருக்கும், பிழை இராது, அவளும் அவற்றில் இருக்க மாட்டாள். ஓவியப் போட்டிக்குப் பெயர் கொடு என்றால், 'எனக்கு வராது ஐயா' என்பாள். கவிதை எழுது என்றாலும் அதே விடைதான். வராது என்னும் சொல் அவளுக்கு ஒரு போர்வையாக இருந்தது. அவளுடைய அக்காள் மேனிலைப் பள்ளியில் படித்தபோது அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணிப்பொறி ஒன்று வீட்டில் இருந்தது. அதன் விசைப்பலகையில் இரண்டு விசைகள் வேலை செய்யா. அதில்தான் எல்லாம் தொடங்கிற்று.

அவள் கதைக்குள் புகுமுன் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ள வேண்டும். சீமோர் பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் 1928-இல் பிறந்த கணித அறிஞர். குழந்தைகள் எவ்வாறு அறிகிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜேயுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்தார். 1967-இல் அவரும் சிந்தியா சாலமன், வாலி ஃபூயர்சைக் முதலியோரும் சேர்ந்து குழந்தைகளுக்கென 'லோகோ' என்னும் நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதில் பின்னர் ஓர் 'ஆமை' வந்து சேர்ந்தது. 'முன்னே போ', 'வலப்புறம் திரும்பு' என்று கட்டளையிட்டால் அந்த ஆமை நகர்ந்து கோடு வரையும். வட்டம் வரைவது எப்படி என்று குழந்தை கேட்டால் வாய்பாடு சொல்லித் தருவதில்லை. 'நீயே ஆமையாகி நடந்து பார்' என்பார்கள். குழந்தை ஓரடி வைக்கும், சிறிது திரும்பும்; மீண்டும் ஓரடி வைக்கும், சிறிது திரும்பும். ஓரடி முன்சென்று ஒரு பாகை திரும்புவதை 360 முறை செய்தால் வட்டம் முடிந்துவிடும். தன் உடம்பிலேயே இருந்த அறிவை அது கண்டுகொள்ளும்.

1980-இல் வெளிவந்த தம் நூலில் பேப்பர்ட் வலியுறுத்திய கருத்து ஒன்று நமக்கு மிக வேண்டுவது. பள்ளிக்கூடம் விடையைச் சரி, தவறு என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறது. தவறு என்றால் அதை அழித்துவிட்டு மறந்துவிட வேண்டும். நிரல் எழுதுவோர் உலகில் அவ்வாறு இல்லை. எவருடைய நிரலும் முதல் முறையிலேயே சரியாக ஓடுவதில்லை. அங்கே கேட்கத் தக்க வினா, இதைச் சீர்செய்ய முடியுமா, எங்கே சீர்செய்வது என்பதே. பிழை வெட்கத்திற்குரியதாக இல்லாமல் ஆராய்ச்சிக்குரியதாகிறது. அவருடைய மரபில் வந்த மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் அதே எம்.ஐ.டி.யிலிருந்து 2007-இல் 'ஸ்கிராட்ச்' என்னும் மொழியை வெளியிட்டார்கள். 'பைத்தான்' மொழியோடும் அந்தப் பழைய ஆமை இன்றளவும் சேர்ந்தே வருகிறது. நம் மாணவிக்குக் கிடைத்தது பைத்தானின் ஆமைதான்.

அவள் முதலில் வரைய எடுத்துக்கொண்டது கோலம். தாயார் தையற்கடையில் வேலை பார்ப்பவர். விடியலில் வாசல் தெளித்துக் கோலமிட்ட பிறகே அவர் புறப்படுவார். 'ஏழு புள்ளி, நான்கு வரை, ஊடுபுள்ளி' என்று தாயார் சொல்வார். அவையோரே, அந்தச் சொற்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். நடுவரிசையில் 7 புள்ளி. மேலும் கீழும் 6, 5, 4 எனக் குறைந்து வரவேண்டும். ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே விழவேண்டும். ஆக மொத்தம் 37 புள்ளிகள். இத்தனையையும் ஐந்தே சொற்களில் அடக்கியாயிற்று. இது நிரல் அல்லவா? நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாக வாய்மொழியில் நிரல் எழுதி வந்திருக்கிறார்கள். அதற்கு நாம் அந்தப் பெயரைச் சூட்டவில்லை, அவ்வளவே.

மாணவி எழுதிய முதல் நிரல் எல்லா வரிசைகளையும் இடப்பக்க ஓரத்திலிருந்தே தொடங்கிற்று. கோலம் படிக்கட்டாகிவிட்டது. ஒவ்வொரு வரிசையையும் அரைப் புள்ளி இடைவெளி தள்ளித் தொடங்கினாள், ஊடுபுள்ளி வந்தது. ஆயினும் தாயார் திரையைப் பார்த்துவிட்டு, 'வாசலில் இது இப்படி நீண்டு நிற்காதே' என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் ஏன்? புள்ளிக்குப் புள்ளி 40 அலகு, வரிசைக்கு வரிசையும் 40 அலகு என்று மகள் வைத்திருந்தாள். வாசலில் தாயாரின் விரல்கள் அப்படி வைப்பதில்லை. அண்டையிலுள்ள மூன்று புள்ளிகளும் ஒன்றுக்கொன்று ஒரே தொலைவில் இருக்குமாறு அவை வைக்கின்றன. அது சமபக்க முக்கோணம். அதன் உயரம் பக்கத்தில் 0.866 பங்கு. 40-க்கு 34.64. அந்த எண்ணை நிரலில் இட்டதும் கோலம் வாசற்கோலமாகிவிட்டது. பிதாகரசு தேற்றம் தேர்வுத் தாளுக்கு வெளியே தனக்குப் பயன்பட்டது அதுவே முதன்முறை என்று அவள் என்னிடம் சொன்னாள்.

அடுத்துச் சிக்குக்கோலத்திற்குச் சென்றாள். நேர்ப்புள்ளிகளைச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வைத்து, இழை குறுக்காகப் போய், எல்லை வந்ததும் வளைந்து திரும்பி, கேரம் பலகையில் காய் மோதித் திரும்புவதைப் போல் ஓடி, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேருமாறு செய்தாள். மூன்று வரிசையில் நந்நான்கு புள்ளி வைத்தால் ஒரே இழையில் எல்லாப் புள்ளிகளும் சூழப்பட்டுவிட்டன. மூன்று வரிசையில் மும்மூன்று வைத்தால் மூன்று தனித்தனி இழைகள் வேண்டியிருந்தன. 4-க்கு 6 என்றால் இரண்டு இழைகள். தாயாரைக் கேட்டால், 'இந்தப் புள்ளிக்கு ஒரே இழை வராது' என்று பார்த்தவுடன் சொல்லிவிடுகிறார். காரணம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. மகள் ஒரு தாளில் பல அளவுகளை எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓரிரவு கண்டுகொண்டாள்: வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை இழைகள் வேண்டும்! இது அறிஞர்கள் முன்பே அறிந்த உண்மைதான். ஆயினும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானே கண்டாள்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமனியும், ராணி சிரோமனியும், கமலா கிருத்திவாசனும் கோலங்களை வரைவதற்கான இலக்கணத்தைப் பற்றி 1974-இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். எழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்குவதற்கு விதிகள் இருப்பதைப் போல், வடிவத் துண்டுகளைக் கோத்துக் கோலமாக்குவதற்கும் விதிகள் உண்டு என்று காட்டியவர்கள் அவர்கள். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 'அப்படியென்றால் அம்மா தினமும் செய்வதும் அறிவுதானா ஐயா?' என்று கேட்டாள். படைப்புத் துணிவின் முதல் வேர் அந்த வினாவில் இருக்கிறது. தன் வீட்டில், தன் தாயின் கையில் இருப்பது பொருட்படுத்தத் தக்கது என்று அறிந்தவனுக்கே படைக்கும் துணிவு வரும். வேறெங்கோ இருப்பதே உயர்ந்தது என்று நினைப்பவன் படி எடுப்பான்; படைக்க மாட்டான்.

இரண்டாவதாக அவள் மேற்கொண்டது எழுத்து வடிவமைப்பு. எங்கள் பள்ளிக் கையெழுத்து இதழுக்கு 'இளவேனில்' என்று பெயர் வைத்திருந்தோம். தலைப்பெழுத்தைக் கணிப்பொறியில் அமைத்துத் தருகிறேன் என்று அவளாகவே முன்வந்தாள். முதலில் கொண்டுவந்தது ஏழு வண்ணங்களும் நிழலும் ஒளிவட்டமும் நிறைந்த ஒரு திருவிழா. நான் குறை சொல்லவில்லை. 'இதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வா. எதை எடுத்தால் மனம் வலிக்கிறதோ அங்கே நிறுத்து' என்று மட்டும் சொன்னேன். வண்ணங்கள் போயின, நிழல் போயிற்று. கடைசியில் எழுத்து மட்டும் நின்றது. அப்போதுதான் அந்த எழுத்தே அழகாக இல்லை என்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. தானே எழுத்தை வரையத் தொடங்கினாள்.

வளைகோட்டைச் சில புள்ளிகளால் ஆளும் ஒரு முறை உண்டு. 1960-களில் ரெனோ கார் நிறுவனத்தில் பணியாற்றிய பியேர் பெசியே கார்களின் உடலமைப்பை வரைவதற்காகக் கையாண்டு பரப்பிய முறை அது. இன்று அச்செழுத்துகளின் வளைவுகளும் அவ்வகைக் கோடுகளாலேயே அமைகின்றன. அம்முறையில் 'ல்' எளிதில் வந்துவிட்டது, 'வே' வந்தது. 'இ' மட்டும் வரவில்லை. உள்ளே சுழித்து, மேலே எழுந்து, மறுபடி வளைந்து கீழே ஓடும் அந்த எழுத்து ஒரு வாரம் அவளை அலைக்கழித்தது. ஒரு சுழியைத் திருத்தினால் மறுசுழி பெருத்துவிடும்.

அவளுக்கு நான் டொனால்டு நூத் அவர்களைப் பற்றிச் சொன்னேன். கணிப்பொறி இயலின் பேரறிஞர்களுள் ஒருவர் அவர். தம் நூலின் மறுபதிப்புக்காக 1977-இல் வந்த அச்சுப்படிகள் அழகற்றிருப்பதைக் கண்டு மனம் நொந்து, அச்சுக்கோப்புக்கும் எழுத்து வடிவமைப்புக்கும் தாமே நிரல்கள் எழுத முற்பட்டார். சிறிது காலத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய வேலை ஏறக்குறையப் பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. மற்ற ஆங்கில எழுத்துகள் பணிந்துவிட்டன; 'எஸ்' எழுத்து மட்டும் பணியவில்லை. அந்த ஓர் எழுத்தைப் பற்றியே 1980-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் படும் பாட்டைக் கண்ட மனைவியார், அதை எஸ் வடிவிலேயே வரைந்துவிடலாகாதா என்று கேட்டாராம். இதைக் கேட்டதும் மாணவி வாய்விட்டுச் சிரித்தாள். பேரறிஞருக்கும் ஓர் எழுத்து அடங்கவில்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல். மறுவாரம் அவளுடைய 'இ' வந்துவிட்டது. இரண்டு சுழிகளும் ஒரே அளவில் இருக்கக்கூடாது, ஒன்று மற்றொன்றுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே தான் கண்ட மருமம் என்றாள்.

இங்கே அவள் கற்றது எழுத்து வரைவதை மட்டும் அன்று. எழுத்து வானத்திலிருந்து விழுந்ததன்று என்பதையும் அறிந்தாள். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானபோது யாரோ ஒருவர் அந்த எழுத்துகளை உலோகத்தில் வடித்திருக்கிறார். ஏடுகளில் புள்ளியிடாமல் எழுதிய எழுத்துகளுக்கு அச்சில் புள்ளி நிலைபெற்றது. 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தங்களுட் சிலவற்றை ஏற்று ஆணையிட்டபோது ணா, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்கள் மாறின. எழுத்துகள் மனிதர் செய்தவை, மனிதர் மாற்றியவை. எனின், நானும் அதில் கை வைக்கலாம் என்னும் எண்ணம் பிறக்கிறது. மரபை அறிவது துணிவைக் குறைக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மரபு எவ்வாறு செய்யப்பட்டது என்று அறிந்தால் துணிவு வளரவே செய்யும்.

மூன்றாவது முயற்சி நம் வட்டத்தின் எல்லைக்குள்ளேயே வருவது. பதினொன்றாம் வகுப்பில் யாப்பிலக்கணம் நடத்தினேன். யாப்பு என்றாலே மாணவர்க்கு அச்சம். அலகிட்டு வாய்பாடு காணும் நிரல் ஒன்றை எழுதிப் பார்க்கிறேன் என்றாள். 'அவலோகிதம்' என்னும் யாப்பு மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறதே என்று உடன் பயிலும் ஒருவன் சொன்னான். 'வெண்பாக்களும்தான் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன' என்று விடையிறுத்தாள். அவையிலுள்ள கவிஞர்களுக்கு அந்த விடை பிடிக்கும் என்று நம்புகிறேன்.

தொடக்கத்திலேயே தடை வந்தது. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று இயந்திரத்தைக் கேட்டாள். மூன்று என்று நாம் சொல்வோம். அது ஐந்து என்றது! ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாகவும், 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாகவும் இரண்டிரண்டாகவே சேமிக்கப்படுகின்றன. 'விகடகவி' என்னும் சொல்லைத் திருப்பிப் படித்தாலும் அதுவே வரும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். இயந்திரம் அதைத் திருப்பியபோது, முதலில் ஓர் இகரக் குறி ஊன்றிக்கொள்ள எழுத்தின்றித் தனியே நின்றது, சொல் குலைந்துவிட்டது. குறியையும் புள்ளியையும் முன்னுள்ள மெய்யோடு சேர்த்தே ஓர் எழுத்தாகக் கொள்க என்று விதி எழுதினாள். அதன்பின் திருமுறையில் உள்ள சம்பந்தரின் திருமாலைமாற்றை உள்ளிட்டாள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே என்று நிரல் ஒப்புக்கொண்டபோது, பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் எழுத்துகளைக் கொண்டு ஆடிய ஆட்டத்தில் தானும் சேர்ந்துகொண்டதாக உணர்ந்தாள். உயிர்மெய் ஓரெழுத்தே என்று தொல்காப்பியம் கொண்ட கருத்தை அவள் மனப்பாடமாக அன்றி, தேவையாக அறிந்தாள்.

அதன்பின் நேரசை, நிரையசை பிரித்தாள். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று தளை பார்த்தாள். நிரல் சரிதானா என்று சோதிக்க ஓர் அளவுகோல் வேண்டுமே! 1330 குறட்பாக்களைவிடச் சிறந்த அளவுகோல் ஏது? அனைத்தையும் உள்ளிட்டாள். பல குறள்களில் தளை தட்டுகிறது என்றது நிரல். இரண்டாண்டுகளுக்கு முந்திய அந்தப் பெண்ணாக இருந்தால், 'எனக்கு வராது' என்று மூடி வைத்திருப்பாள். இப்போது அவள் சொன்னது: 'வள்ளுவர் தவறியிருக்க மாட்டார், எனக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது.' தேடினாள். 'அன்னையை' போன்ற சொல்லில் ஐகாரம் இடையிலும் கடையிலும் குறுகுவதால் 'னையை' என்பது நிரையாகும் என்பது தெரிந்தது. உயிரெழுத்துச் சொல்லுக்கு முதலில்தான் வரும் என்று விதி எழுதியிருந்தாள். அளபெடை வந்து அதை உடைத்தது. குற்றியலிகரத்தை அலகு பெறாது நீக்கும் இடமும் உண்டு என்று கண்டாள். ஒவ்வொரு முறையும் தட்டும் குறள்கள் குறைந்தன. நான் கரும்பலகையில் பலமுறை எழுதியும் பதியாத ஐகாரக் குறுக்கம், அவள் நிரலின் வழியில் குறுக்கே நின்றதால் பதிந்தது.

நிரல் கையில் வந்தபின் தானே ஒரு நேரிசை வெண்பா எழுதினாள். மழையைப் பற்றியது. தளை தட்டவில்லை. தனிச்சொல் எதுகையோடு அமைந்தது. ஈற்றுச்சீர் மலர் என்னும் வாய்பாட்டில் முடிந்தது. நிரல் முற்றிலும் ஏற்றுக்கொண்டது. நம் வட்டத்து மூத்த கவிஞர் ஒருவரிடம் காட்டினோம். அவர் இரண்டுமுறை படித்துவிட்டு, கனிவோடு ஒன்று கேட்டார்: 'அம்மா, இதில் நீ எங்கே இருக்கிறாய்?'

அவள் முகம் வாடும் என்று நான் அஞ்சினேன். வாடவில்லை. அவள் எனக்குச் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன்: 'ஐயா, நிரல் தளையைத்தான் பார்க்கும். அவர் கேட்டது அதற்கு மேலே. இரண்டும் வேறு வேறு பிழை.' அடுத்த மாதம் அவள் கொண்டுவந்தது வெண்பா அன்று, புதுக்கவிதை. வாசலில் கோலம் கலைந்து போன பின்னும் புள்ளிகள் மட்டும் தாயின் விரல் நுனியில் இருப்பதாகவும், தையல் ஊசியின் கீழ் அவை மறுபடி வரிசையாக விழுவதாகவும் எழுதியிருந்தாள். அந்தக் கவிதையை அவளுடைய நிரலில் இட்டால் அடிக்கு அடி தளை தட்டும். இட்டுப் பார்த்தாளாம், சிரித்துக்கொண்டே சொன்னாள். தானே எழுதிய விதியைத் தானே மீறலாம் என்று அறிந்த அன்று அவளுடைய துணிவு முழுமையடைந்தது என்று கருதுகிறேன். விதியை அறியாமல் மீறுவது வேறு. அறிந்து, அதன் எல்லையைக் கண்டு, அப்பால் காலெடுத்து வைப்பது வேறு.

இங்கே ஒரு தடையை எழுப்பி விடையும் கூற வேண்டும். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் 'சாட்ஜிபிடி' பொதுமக்கள் கைக்கு வந்ததிலிருந்து, கேட்ட மாத்திரத்தில் நிரலும் எழுதித்தரும், கவிதையும் எழுதித்தரும் இயந்திரங்கள் பெருகிவிட்டன. இனி ஒரு மாணவி கோலத்திற்காக 0.866-ஐத் தேடி அலைய வேண்டுமா? ஒரு சொற்றொடரில் கேட்டால் கிடைத்துவிடுமே! அவளும் கேட்டுப் பார்த்தாள். இயந்திரம் தந்த வெண்பாவைத் தன் நிரலில் இட்டாள். இரண்டாம் அடியிலேயே தளை தட்டியது. நண்பர்கள் மகிழ வேண்டா. இன்று தட்டுவது நாளை தட்டாமற் போகலாம். அந்த மகிழ்ச்சியின் மேல் நாம் வீடு கட்ட முடியாது.

நான் காண்பது வேறு. இயந்திரம் தந்ததை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யும் தகுதி அவளுக்கு எங்கிருந்து வந்தது? தானே ஒன்றைச் செய்து, அது உடைந்து, ஏன் உடைந்தது என்று தேடிய இரவுகளிலிருந்து வந்தது. கோலத்தின் பயன் கோலம் மட்டுமாயின், வாசலில் ஒட்டும் கோலத்தாள் கடையில் கிடைக்கிறது. தாயாரின் கை பெற்ற அறிவு அந்தத் தாளில் கிடைக்காது. செய்து முடித்த பொருளை வேறொருவர் தரலாம். செய்ததால் வரும் துணிவை எவரும் தர இயலாது. மேலும், 'இதில் நீ எங்கே இருக்கிறாய்' என்னும் வினா எந்த இயந்திரம் வந்தாலும் மனிதரை நோக்கியே நிற்கும்.

கவிஞர் பெருமக்களே, இறுதியாக நம் வட்டத்திற்கு இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அமைகிறேன்.

முதலாவது, முடிந்த படைப்பை மட்டுமே அவையில் படிக்கும் வழக்கத்தோடு, முடியாத படைப்பையும் கொண்டுவர இடம் தருவோம். கோலம் படிக்கட்டாக இருந்தபோதே தாயாருக்குக் காட்டியதால்தான் அது கோலமாயிற்று. நம் முன்னோர் அரங்கேற்றம் என்று வைத்திருந்தது வெறும் பாராட்டு விழா அன்று. அவையினர் தடை எழுப்புவதும் நூலாசிரியர் விடை கூறுவதும் அதன் உயிர். மூத்த கவிஞர்கள் தங்கள் அடித்தல் திருத்தல் நிறைந்த கையெழுத்துப் படிகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் இளைஞர்க்குக் காட்டுங்கள். உங்களுக்கும் ஓர் 'இ' அடங்காமல் இருந்தது என்று அவர்கள் அறியட்டும்.

இரண்டாவது, ஒரு கவிதையைக் கேட்டபின் 'நன்று' என்றோ 'பயிற்சி போதாது' என்றோ தீர்ப்பளிப்பதை விடுத்து, எங்கே தட்டுகிறது என்று இடம் சுட்டிச் சொல்வோம். தீர்ப்பு வழக்கை முடித்துவிடும். இடம் சுட்டினால் வேலை தொடரும். நிரல் ஒருபோதும் 'உனக்கு வராது' என்று அவளிடம் சொல்லவில்லை. இத்தனையாம் வரியில் பிழை என்றே சொல்லிற்று. இயந்திரத்திற்கு இருக்கும் அந்தப் பொறுமை நமக்கும் இருக்கவேண்டாமா? அதனோடு, இயந்திரத்திற்கு இல்லாத கனிவும் நம்மிடம் இருக்கிறதே!

மூன்றாவது, இளைஞர்கள் எந்த வழியாக வந்தாலும் வாயில் திறந்திருக்கட்டும். ஒருவர் எழுத்து வடிவமைத்து வரலாம்; ஒருவர் நிரலோடு வரலாம்; ஒருவர் பாட்டோடு வரலாம். நம் அடுத்த மலரின் அட்டை எழுத்தை ஓர் இளங்கையிடம் ஒப்படைப்போம். வருபவர் கவிஞராகாமலே போகலாம். அதனால் இழப்பில்லை. ஒன்றைத் தாமே செய்து பார்த்தவர்களே பிறர் செய்ததன் அருமையை அறிவார்கள். கவிதைக்கு நல்ல வாசகர் இல்லையே என்று நாம் வருந்துவதற்கும் அதுவே மருந்து.

பத்தாண்டுகள் ஒரு வட்டத்திற்கு நீண்ட காலம் அன்று. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் வாய் திறக்க அஞ்சும் ஒரு பிள்ளைக்கு மூன்றாண்டுகளே போதுமானவை என்பதைக் கண்டேன். அடுத்த பத்தாண்டுகளில் இந்த அவையில் படிக்கப்படும் முதற்கவிதைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இரண்டாம் கவிதை பிறக்குமாறு நாம் நடந்துகொள்வோம்.